ஏங்கன்னு கூப்பிட்டா வர்ற நாய்

உட்காருங்கக்கா. கீழ மட்டும் பார்த்துக் கால் வைங்க, சீட்டுக்கு அடியில நாய் படுத்திருக்கு. கடிக்காது. ஏறினதுல இருந்து தூங்குது. கண்டக்டர் அண்ணன்கிட்ட கெஞ்சித்தான் ஏத்தினேன். கெஞ்சினேன்னா வாயால இல்லை, படிக்கட்டுக்கிட்ட பேசாம நின்னுக்கிட்டே இருந்தேன். அவரா பார்த்து, "ஏறித் தொலைம்மா, எவன் மேலயாவது பாய்ஞ்சுச்சுன்னா நடுக்காட்டுல இறக்கி விட்டுருவேன்"னாரு.

நான் புதுசா யார்கிட்டயும் பேச மாட்டேங்கக்கா. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. கடையில உப்பு கேக்கணும்னாலும் பின்னால நின்னு, எல்லாரும் வாங்கிட்டுப் போன பிறகுதான் கேப்பேன். ஆனா இன்னைக்குப் பேசியே ஆகணும். ஆலம்பட்டி விலக்குல இறங்கி, முன்னப்பின்ன தெரியாத வீட்டுல, ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கற கூடத்துல நின்னு பேசணும். ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னுபோயிருக்கு. அதைச் சரி பண்ணத்தான் போறேன். வாய் வருமான்னு தெரியலை. உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன். எங்க தப்பா வருதோ அங்க நிறுத்திச் சொல்லுங்க.

எல்லாம் இந்த நாயாலதான். இல்லை, நாயாலன்னு சொல்லக் கூடாது, வாயில்லாத ஜீவன். அந்தக் கேரவனால. கேரவன் என்ன பண்ணும், அது பாட்டுக்கு நின்னுச்சு. எங்க வீட்டுக்காரராலதான்.

எங்களுக்கு வீடு மணப்பாறை. அவருக்குத் திருச்சியில பஸ்ஸுக்குப் பாடி கட்டுற பட்டறையில வேலை. சீட்டு, மெத்தை, ரெக்சின் எல்லாம் அவரு கைதான். அவங்க முதலாளி ஒரு பழைய வேனை வாங்கி கேரவனா மாத்தினாரு. கேரவன் தெரியும்லக்கா? உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும். சினிமாக்காரங்க வச்சிருப்பாங்களே. இப்ப மலை சுத்திப் பார்க்கப் போறவங்களும் வாடகைக்கு எடுக்குறாங்களாம். வாடகைக்கு விடுறதுக்கு முன்னால ஒரு நடை மேல போயிட்டு வரணும், எது ஆடுது எது ஒழுகுதுன்னு பார்க்கணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. இவரு நான் போறேன்னு கையைத் தூக்கிட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட எப்படிச் சொன்னாரு தெரியுமா? "உன்னையும் புள்ளையையும் மூணாறு கூட்டிட்டுப் போறேன்." கல்யாணமானதுல இருந்து குலதெய்வம் கோயிலைத் தாண்டி ஒரு இடம் கூட்டிட்டுப் போகாத மனுஷன்.

நான் முதல்ல கேட்டது, "அப்ப இதை?"ன்னு. இது வாசல்ல படுத்திருந்துச்சு.

"அதை ஏத்தக் கூடாதாம். முடி மெத்தையில ஒட்டுமாம்."

"அப்ப யாரு பார்த்துக்குவா?"

"நாய்தானே. தெருவுல எதையாவது தின்னுட்டுக் கிடக்கும்."

சோத்துல ஒரு முடி கிடந்தா தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்கிற ஆளுக்கா அவரு. அவரு சொல்றாரு, தெருவுல எதையாவது தின்னுக்கும்னு.

இது தெருவுல தின்னாது. யாரு வச்சாலும் தின்னாது. ஏன்னு சொல்றேன், அதைச் சொன்னாத்தான் மத்தது விளங்கும். இந்த நாய் நாங்க வளர்த்தது இல்லை. எங்களுக்கு முன்னால குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. வீட்டு ஓனரம்மா அதோட பேரைச் சொல்லி, நல்ல நாய், வச்சுக்கங்கன்னாங்க. பேரைக் கேட்டதும் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. எங்க வீட்டுக்காரர் பேருக்கா அது. முழுப் பேரு இல்லை, அதுல பின்பாதி. ஊரே அவரை அந்தப் பின்பாதியைச் சொல்லித்தான் கூப்பிடும். எப்படிச் சொல்றது. கோயில்ல தீபாராதனை காட்டும்போது ஆட்டுவாங்கள்ல. பள்ளிக்கூடம் விடும்போது அடிப்பாங்கள்ல. நேரம் கேக்கணும்னா அது என்னன்னுதானே கேப்போம். ஆங், அதேதான். நீங்க சொல்லிட்டீங்க, எனக்கு வராது. நாட்டுல பாதி நாய்க்கு அந்தப் பேருதான் வச்சுத் தொலைக்கிறாங்க.

சிரிக்காதீங்கக்கா. இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்கான்னு எனக்கும் தெரியும். எங்க தெருவுல புதுசா கல்யாணமான புள்ளைங்க புருஷனைப் பேரு சொல்லி, வாடா போடான்னுகூடக் கூப்பிடுதுங்க. எங்க அம்மா ரேஷன் கடையில எங்க அப்பா பேரைக் கேட்டா என்னைத்தான் முன்னால தள்ளும். அது எனக்கு ஒட்டிக்கிச்சு. நேரம் கேட்டாக்கூட எட்டு அடிச்சாச்சு, ஒம்போது அடிச்சாச்சும்பேன். "சும்மா கூப்பிடு, நான் என்ன தேய்ஞ்சா போயிருவேன்"னு அவருகூடச் சொல்லிப் பார்த்துட்டாரு. வாய் வரலைன்னா என்ன பண்றது? அவரு பேரையே சொல்லாதவ, அதே பேரைச் சொல்லி நாயை வா, போ, சீன்னு எப்படி விரட்டுவேன்?

அதனால நான் இதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவரைச் சாப்பிடக் கூப்பிடுவேன். "ஏங்க, சாப்பிட வாங்க"ம்பேன். அவரு போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. இது எந்திரிச்சு வந்துரும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால சோறு வரும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுபடி "ஏங்க"ம்பேன். இது என் காலடியில வந்து உட்கார்ந்து மூஞ்சியைப் பார்க்கும். அவரு மூணாவது தடவைக்குத்தான் தலையைத் தூக்குவாரு. இப்படியே நாய்க்கு ஏங்கன்னே பேராயிருச்சு. எங்க மக யாழினி இருக்கா, மூணு வயசு, "அம்மா, ஏங்க வாலை ஆட்டுது"ம்பா. பழைய பேரை அதுவே மறந்துருச்சு. வேற யாரு எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காதை மடக்கிக்கிட்டுப் படுத்திருக்கும். பொம்பளைக் குரல்ல, மரியாதையா, "ஏங்க, சாப்பிட வாங்க"ன்னு சொன்னாத்தான் தட்டுல வாய் வைக்கும்.

அப்படிப்பட்ட நாயை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? ஓனரம்மாகிட்ட கேட்டேன். கேட்டேன்னா, அவங்க கோலம் போடுற நேரம் பக்கத்துல போய் நின்னேன். என்னன்னாங்க. சொன்னேன். "நான் என் சர்க்கரை மாத்திரையையே மறக்குற ஆளு, நாய்க்குச் சோறு வைக்கிறதா ஞாபகம் இருக்கும்?"னுட்டாங்க. எங்க அம்மாவுக்குப் போன் பண்ணேன். "அடுத்த பிரசவத்துக்குக் கூப்பிடு, ஓடி வர்றேன். நாய்க்குக் காவல் இருக்க வரச் சொல்லாதே"ன்னு வச்சிருச்சு. இவரு போன்ல தேடிப் பார்த்துட்டு, திருச்சியில நாயை விட்டுட்டுப் போற விடுதி இருக்கு, கொண்டுபோய்ப் பாருன்னாரு. தான் வந்தாரா? வேலையாம். நானும் புள்ளையும் நாயும் அவ்வளவு தூரம் ஆட்டோவுல போனோம்.

அங்க ஒருத்தரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாரு.

"நாய் பேரு?"

நான் புள்ளையை இடுப்புல மாத்தி வச்சுக்கிட்டேன்.

"பேரு சொல்லும்மா."

"கோயில்ல அடிப்பாங்கள்லங்க."

"மேளமா?"

"இல்லைங்க, பூசாரி சாமிக்குக் காட்டும்போது…"

"சாம்பிராணியா?"

எனக்குப் பின்னால ஒரு அம்மா, பஞ்சு மூட்டை மாதிரி ஒரு நாயைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுச்சு. அது சிரிச்ச சிரிப்புல எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த ஆளு மேளம்னே எழுதிக்கிட்டாரு. கூண்டுக்கிட்ட கூட்டிட்டுப் போய், "மேளம், உள்ள போ, மேளம்"னாரு. இது திரும்பி என்னைப் பார்த்துச்சு பாருங்க. கூட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்காரரு கேக்குறாரு, "பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல." யாரு பேரை? கேக்குறவருக்கே தெரிய வேணாமா?

அப்பத்தான் இலக்கியா வந்தா. அடுத்த வீட்டு மாரிக்கண்ணு அக்கா மக. அவளோட கல்யாணம்தான் நின்னுபோனது. ரத்தம் சோதிக்கிற லேபுல வேலை பாக்குறா. யாழினிக்குக் காய்ச்சல் வந்தப்ப அவதான் ரத்தம் எடுத்தா, புள்ளை முகத்தைக்கூடச் சுளிக்கலை. வேலைன்னா உயிரு அவளுக்கு. ஞாயித்துக்கிழமைகூடப் போயிருவா. அதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் அவளைப் பொண்ணு பார்த்துட்டுப் போயிருந்தாங்க. ஆலம்பட்டி மாப்பிள்ளை. சொந்தமா ஜேசிபி ஓடுது, வத்தாத கிணறு இருக்கு. நல்ல இடம். மாப்பிள்ளையோட அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "ஊரார் ரத்தத்தைத் தொடுற கையால எங்க வீட்டு உலையில அரிசி போட முடியாது. தாலி ஏறினதும் அந்த வேலையை விட்டுரணும்." நியாயம்தானே, அவங்கவங்க வீட்டு வழக்கம். இலக்கியா ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. அவங்க போன பிறகு மொட்டை மாடியிலயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா. கல்யாணக் கனவுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அவ வந்து, "நான் சோறு வைக்கிறேன் அக்கா, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க"ன்னா. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. எப்படிக் கூப்பிடணும்னு சொல்லிக் குடுத்தேன். அதைச் சொல்லிக் குடுக்கவே எனக்குக் கூச்சம். கல்யாணமாகாத புள்ளைகிட்ட, நீ ஏங்கன்னு கூப்பிடணும்னு எப்படிச் சொல்றது. விழுந்து விழுந்து சிரிச்சா.

"பேரைச் சொன்னா வராதா அக்கா?"

"வராது."

"மாமா பேருதானே? நான் வேணா சொல்லிப் பழக்கவா?"

"சும்மா இருடி."

அந்தக் கேரவன் பயணத்தைப் பத்திக் கேக்காதீங்க. முதலாளி சொல்லிட்டாராம், மெத்தை மேல சுத்தின பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாதுன்னு. ராத்திரி புரண்டு படுத்தா மொறமொறன்னு அப்பளம் நொறுங்குற மாதிரி சத்தம். வீட்டுல நிமிர்ந்து நின்னு சமைச்சேன், அங்க குனிஞ்சு நின்னு சமைச்சேன், அவ்வளவுதான் வித்தியாசம். கொண்டை ஊசி வளைவுல ரசம் முழுக்கக் கழுவுற தொட்டிக்குள்ள போச்சு. கக்கூஸ் கதவு தானாத் திறந்துக்குது. இவரு அதையெல்லாம் பார்த்து, "இதுக்குத்தான் வந்தது, இதுக்குத்தான் வந்தது"ன்னு சந்தோஷமா ஸ்குரூ முடுக்குறாரு. மலை தெரிஞ்சுச்சு. பச்சையா இருந்துச்சு. நான் அதைப் பார்க்கலை, போன்ல கோடு விழுதான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சிக்னலே இல்லை. ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தச் சொல்லி இறங்கி நிப்பேன். "மூணாறு பார்க்க வந்தியா, டவர் பார்க்க வந்தியா?"ன்னு அதுக்கும் ஒரு பேச்சு.

முதல் நாள் பொழுது சாயுற நேரம்தான் லைன் கிடைச்சுச்சு, இலக்கியா எடுத்தா. "அக்கா, வர மாட்டேங்குது."

"எப்படிக் கூப்பிட்ட?"

கூப்பிட்டுக் காட்டினா. எனக்கே கேக்கலை. "ங்க"ன்னு மட்டும் காத்து வந்துச்சு.

"சத்தமாக் கூப்பிடு."

"தெருவுல கேக்குமே அக்கா. வீட்டுல ஆளில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இவ உள்ள யாரைக் கூப்பிடுறான்னு நினைக்க மாட்டாங்களா?"

"யாரு என்ன நினைப்பா? நாய் பட்டினி கிடக்குது."

இதை நான்தான் சொன்னேன். மறைக்கலை. மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டா. கதவைச் சாத்திட்டு, அது காதுக்கிட்டப் போய் மெதுவாச் சொன்னா வருதாம். ரெண்டு பேருக்கும் பழகிருச்சு. எனக்கும் அப்பத்தான் சோறு இறங்குச்சு.

அப்புறம் ஒரு நாள் போன். "அக்கா, நாளைக்கு மாப்பிள்ளையோட தாய்மாமனும் சித்தியும் நம்ம தெருவுல என்னைப் பத்தி விசாரிக்க வர்றாங்களாம். சொல்லாம வர்ற மாதிரிதான் வருவாங்க. தரகர் எங்கம்மாகிட்ட ரகசியமாச் சொல்லியிருக்காரு."

"நல்லதுதானே. நீ வீட்டுலயே அடக்கமா இரு."

"இருக்கேன் அக்கா. அதுக்குப் பகல்லயும் ஒரு தடவை சோறு வைக்கட்டுமா?"

"வையேன்."

"முன்வாசல்ல வச்சே போடுறேனே. காத்தாட இருக்கும்."

"போடு."

"அது வர மாட்டேன்னு அடம் பிடிச்சா நீங்க என்னென்ன சொல்லுவீங்க அக்கா? எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குற நேரம், மனசுல ஆயிரம் இருக்கும், அதுக்கு நடுவுல என் நாயைப் பத்தி இவ்வளவு கேக்குறாளே, எவ்வளவு பொறுப்பான புள்ளைன்னு இவருகிட்டகூடச் சொன்னேன்.

மறுநாள் நடந்ததை மாரிக்கண்ணு அக்கா சொல்லித்தான் தெரியும். எங்க வீட்டு கேட்டு தகரம். உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது, குரல் மட்டும் கேக்கும். அவங்க ரெண்டு பேரும் எதுத்தாப்புல பெட்டிக்கடையில சோடா குடிக்கிற மாதிரி நின்னிருக்காங்க. உள்ள இருந்து சத்தம் வந்திருக்கு. "ஏங்க, சாப்பிட வாங்க." அப்புறம், "வாங்கன்னா வரணும். அக்கா ஊர்ல இல்லைன்னா இப்படியா பட்டினி கிடப்பாங்க?" அப்புறம், "என்ன கோவம் என் மேல? நேத்து நல்லாத்தானே இருந்தீங்க." கடைசியா, "சரி, இங்க வாங்க. நான் ஊட்டி விடுறேன்."

தாய்மாமன் கடைக்காரர்கிட்ட, அது யாரு வீடுன்னு கேட்டிருக்காரு. கடைக்காரரு வெள்ளந்தி. "அங்க யாருமில்லீங்களே, குடும்பத்தோட டூரு போயிருக்காங்க"ன்னிருக்காரு. அந்த நேரம் பார்த்து இலக்கியா கேட்டைத் திறந்து வெளிய வந்திருக்கா, கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே. அவங்களைப் பார்த்து வாங்கன்னு கும்பிட்டுச் சிரிச்சிருக்கா. அவளுக்கு அவங்க யாருன்னு எப்படித் தெரியும், பாவம். போட்டோவுல பார்த்த முகம்தானே, அவங்க சோடாவைப் பாதியில வச்சுட்டுப் போயிட்டாங்க. சாயங்காலமே தரகர் போன். சம்பந்தம் வேணாமாம்.

மாரிக்கண்ணு அக்கா என்னைக் கூப்பிட்டுச்சு. நான் ஒரு வளைவுல, ஒரு காலைக் கல்லு மேல வச்சு நின்னுக்கிட்டு இருக்கேன். "உன் நாய்க்குச் சோறு வைக்கப் போய் என் மக வாழ்க்கையில மண்ணு விழுந்துருச்சுடி. நீ அங்க குளுகுளுன்னு இரு"ன்னுச்சு. நான் குளுகுளுன்னு இருக்கேனாம். பிளாஸ்டிக் உறையில வேர்த்து ஒழுகிக்கிட்டு இருக்கேன். அந்தக்கா வச்ச பிறகு கல்லு மேலயே உட்கார்ந்து அழுதேன்.

இவரு வண்டியில இருந்தே என்னன்னாரு. சொன்னேன். சிரிக்கிறாருக்கா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறாரு. "அந்தப் புள்ளை கெட்டிக்காரி"ங்கறாரு. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொல்றேன், கெட்டிக்காரியாம். ஆம்பளைங்களுக்கு எதுல சிரிக்கிறதுன்னு ஒரு விவஸ்தை கிடையாது. வண்டியைத் திருப்புங்கன்னேன். இன்னும் பிரேக்கு பார்க்கணும்னாரு. நீங்க பாருங்க, நான் பஸ்ல போறேன்னு பையைத் தூக்கினேன். அதுக்கப்புறம்தான் திருப்பினாரு. வழி முழுக்க நான் பேசலை. அதுக்கும் சிரிப்பு.

ஊருக்கு வந்து பார்த்தா, இலக்கியா பாட்டுக்கு லேபுக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கா. முகத்துல ஒரு வாட்டம் இல்லை. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே போட்டு அடக்குற புள்ளைக்கா அது. நாயைத்தான் கூப்பிட்டேன்னு சொல்லுடின்னு அவ அம்மா அடிச்சிருக்கு. "சொன்னா நம்பவா போறாங்க, விடும்மா"ன்னிருக்கா. சரின்னு மாரிக்கண்ணு அக்காவே ஆலம்பட்டிக்குப் போன் பண்ணி, அது நாய்ங்க, நாய் பேரு ஏங்கன்னு சொல்லியிருக்கு. அந்தப் பக்கம் மாப்பிள்ளையோட அம்மா, "எந்த ஊர்லம்மா நாய்க்கு வாங்க போங்க? கேக்குறவ கேனைச்சின்னா கேழ்வரகுல நெய் வடியுதும்ப"ன்னு வச்சுட்டாங்க.

அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கலை. என் நாயால வந்தது, நான்தானே சரி பண்ணணும்? அக்கா, இன்னொரு தடவை போன் போடுங்க, நாயைக் கூட்டிட்டு நானே நேர்ல வர்றேன், அவங்க முன்னால கூப்பிட்டுக் காட்டுறேன்னேன். எனக்கு எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சுன்னு தெரியலை. மாரிக்கண்ணு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. போன் போட்டதும் ஆலம்பட்டிக்காரங்களும் இறங்கி வந்துட்டாங்க. "கூப்பிட்டு நாய் வந்துச்சுன்னா, தப்பு எங்க மேலன்னு ஒத்துக்கிட்டு அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சுரலாம்"னு சொல்லிட்டாங்க. தாய்மாமன் விலக்குல வந்து நின்னு கூட்டிட்டுப் போறாராம். நான் போய், "ஏங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாம் சரியாயிரும்.

இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "நீ போகாதே. நடந்தது நடந்தபடி இருக்கட்டும்." ஏன்னு கேட்டா, "உனக்குச் சொன்னாப் புரியாது"ன்னு போனைப் பார்க்க உட்கார்ந்துட்டாரு. அடுத்த வீட்டுப் பொண்ணு வாழ்க்கை, நமக்கென்னன்னு இருக்குற குணம்.

இலக்கியாதான் பாவம். காலையில பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்துட்டா. மூச்சு வாங்குது. "அக்கா, நீங்க போக வேணாம். உங்களுக்குக் கூச்சம். அங்க ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும்."

"பரவாயில்லை, உனக்காகத்தானே."

"எனக்காக வேணாம் அக்கா. சரி, நாயையாவது விட்டுட்டுப் போங்க. வெயில்ல அது தாங்காது. நான் பார்த்துக்கறேன்."

தன் வாழ்க்கையே கேள்வியா நிக்கிற நேரத்துல, நாய்க்கு வெயில் அடிக்கும்னு நினைக்கிற மனசைப் பாருங்க. கயித்தை விட மாட்டேங்கறா. நான்தான் கையை எடுத்து விட்டுட்டு ஏறினேன். பஸ் கிளம்பினப்ப அங்கயே நின்னுக்கிட்டு இருந்தா. அழுத மாதிரி இருந்துச்சு. சந்தோஷத்துல இருக்கும்.

சரியா வருதாக்கா? இப்படியே சொன்னாப் போதும்ல?

என்னக்கா?

இல்லைக்கா. பிடிச்சிருக்கான்னு அவகிட்ட நான் கேக்கலை. மாரிக்கண்ணு அக்கா கேட்டிருக்கும். பொண்ணு பார்த்துட்டுப் போன அன்னைக்கு நான் அங்கதான் டம்ளர் கழுவிக்கிட்டு இருந்தேன். "நல்ல இடம், குடுத்து வச்சிருக்கணும்"னு அந்தக்கா அவகிட்ட சொல்லுச்சு. சொல்லுச்சு. கேக்கலை.

பிடிக்காதவ பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வந்து நிப்பாளா? ஆமா, நானும்தான் கட்டிட்டு நின்னேன். என்னை யாரு கேட்டா? அது வேற. அவரு நல்லவருதான், கூப்பிட்டாத்தான் வர மாட்டாரு.

வேணும்னே அப்படியெல்லாம் பண்ணுவாளாக்கா? காதுக்கிட்டப் போய் மெதுவாச் சொன்னாலே வருதுன்னு அவதான் சொன்னா. அப்ப எதுக்கு முன்வாசல்ல… காத்தாட இருக்கும்னு நினைச்சிருப்பா. அதுவும் அன்னைக்குப் பார்த்து. என்னென்ன சொல்லுவீங்க, எல்லாத்தையும் சொல்லுங்கன்னு… நான் வேற ஒண்ணு விடாமச் சொல்லிக் குடுத்தேன். ஊட்டி விடுறேன்கிறது நான் சொல்லிக் குடுத்தது இல்லைக்கா. அது அவளா சேர்த்தது.

இருங்க. போன் போட்டுப் பார்க்குறேன்.

இலக்கியா? நான்தான். இல்லை, இன்னும் இறங்கலை. நீ முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. உனக்கு அந்த ஜேசிபிக்காரரைப் பிடிச்சிருக்கா? பேசுடி. பஸ் சத்தம், ஒண்ணும் கேக்கலை. ம். ம். லேபை விட மாட்டியா? அதை உங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? சொன்னியா? எத்தனை தடவை? சரி. சரி, அழாதே. ஊசி பிடிக்கிற கை, நடுங்கும். வை.

நாலு தடவை சொல்லியிருக்காளாம் அக்கா. அவ அம்மா காதுல வாங்கலையாம். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க அக்கா, நீங்க போய் நின்னா அவங்க நம்பிருவாங்க, அதான் பயமா இருந்துச்சு"ங்கறா. உன் பேரு கெட்டுப் போகாதான்னு கேக்க வந்தேன், அவளே சொல்லிட்டா. நம்ம தெருவுல எல்லாருக்கும் நாயைத் தெரியும், நம்பாதது ஆலம்பட்டிக்காரங்க மட்டும்தானாம். அவங்க நம்பாமலே இருக்கட்டுமாம்.

எனக்கு ஆத்திரமா வருதுக்கா. மலையில வண்டி ஓட்டிக்கிட்டு இருந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. இப்ப வந்து உட்கார்ந்த உங்களுக்குத் தெரியுது. என் வீடு, என் நாய், நான் கூப்பிடுற வார்த்தை, எனக்கு மட்டும் தெரியலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன். ஐயோ பாவம் நல்ல இடம்டின்னு புத்தி சொல்லியிருப்பேன்.

மாரிக்கண்ணு அக்காவுக்கு என்ன பதில் சொல்றது? கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சே. அது வேற இருக்கு.

விலக்கு வந்துருச்சா? அந்தா, வேப்பமரத்துக்கு அடியில பைக்குல சாய்ஞ்சுக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாரே, வெள்ளைச் சட்டை. அவராத்தான் இருக்கும்.

இல்லைங்கண்ணே, நான் இறங்கலை. இந்த அக்கா போற துவரங்குறிச்சிக்கே ஒரு டிக்கெட்டு போட்டுருங்க. தெரியும்ணே, ஆலம்பட்டின்னுதான் கேட்டேன். இப்ப துவரங்குறிச்சி. விசில் அடிங்கண்ணே, சீக்கிரம்.

அக்கா, அவரு சன்னல் சன்னலாப் பார்த்துக்கிட்டே வர்றாரு. உங்க பையை இந்தப் பக்கம் வைங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பேசுறேன்.

யாருங்க? நாயா? நாங்க நாயெல்லாம் கொண்டுவரலீங்களே. நானும் எங்க அக்காவும் துவரங்குறிச்சிக்கு ஒரு காதுகுத்துக்குப் போறோம். மணப்பாறையில ஒரு பொண்ணு நாயோட நின்னுச்சுங்க. கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுட்டாரு. திரும்பிப் போயிருச்சு.

போயிட்டாரா? இன்னும் நிக்கிறாரா?

அக்கா, உங்க முந்தானையை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க. வாலு தெரியுது.